ஆயிரம் நிறுவைகளும் நாற்பது பேரும்

மஸ்கெலியாத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கொழுந்து ஒரு நாளிற் பெரும்பாலும் மூன்று முறை தராசுக்கு வருகின்றது: காலை, நண்பகல், மாலை. குறித்த அளவு நிறைந்தாற் செக்ரோலில் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாளுழைப்பையே ‘பேர்’ என்று எண்ணும் இவ்வழக்கு ஓர் ஐயத்தை எழுப்புகின்றது. ஒருவரைப் பன்முறை அளந்து பெற்ற எண்களைக் கொண்டு அவரைப் பற்றி எவ்வளவு சொல்லுதல் நேர்மையாகும்?

40 பேரின் நிறுவைகள் 25 நாட்களுக்குக் கிடைத்தனவெனக் கொள்வோம். ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நிரையாக எழுதினால் 1000 நிரைகள்; வேளைக்கொன்றாக மூன்று நிரல்கள். இத்தகைய அட்டவணையைச் சுருக்குதற்கு 1901இற் கார்ல் பியர்சன் வடிவகணித வழியிலும், 1933இல் ஹரோல்ட் ஹொட்டெலிங் புள்ளிவிபர வழியிலும் அமைத்ததே முதன்மைக் கூற்றுப் பகுப்பாய்வு. எண்கள் மிகுதியாகப் பரந்து கிடக்கும் திசையை அது தேடும். இங்கே முதற் கூறு மூன்று வேளையும் சேர்ந்து ஏறியிறங்குவதைக் காட்டும். அதற்குத் ‘திறமை’ என்று பெயரிட எவருக்கும் ஆசை பிறக்கும்.

ஆயின் 1000 நிரைகள் 1000 ஆட்களல்ல. மழைக்குப்பின் தளிர் பெருகிய நாளில் எல்லாருடைய நிறுவையும் ஏறும். வறண்ட நாளில் எல்லாருடையதும் இறங்கும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் நாளுக்கு நாள் உள்ள வேறுபாடும் அம்முதற் கூற்றிலே கலந்துவிடுகின்றன. வானம் செய்ததை ஒருத்தியின் கணக்கில் எழுதுவது அறமாகாது. எனவே ஒவ்வொருவரின் சராசரியையும், அச்சராசரியிலிருந்து அவர் விலகும் அளவுகளையும் வேறாகப் பிரித்தே ஆராய்தல் வேண்டும். வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடுதல் பற்றி 1958இல் எழுதிய சி. ஆர். ராவ், ஓருயிரின் தொடர் அளவைகளை ஒரே முழுமையாக நோக்கினார். எனினும், மாதம் முழுவதும் விளைச்சல் குன்றிய மலையிலேயே நிறுத்தப்பட்டவளின் குறைவு மலையினதா, கையினதா என்பதை இப்பிரிப்பும் சொல்லாது.

சிறிய கூறுகளைத் தள்ளிவிடுவதும் எளிய செயலன்று. குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு வருபவளின் காலை நிறுவை குறைந்து, மாலையில் ஈடாகலாம். அவளது நாளின் முழுக்கதையும் இரண்டாங் கூற்றில் இருக்கும். தொகுதி முழுவதிலும் அதன் பங்கோ அற்பம். மாறற்றிறன் குறைந்தது பொருளிற் குறைந்ததென்று யார் முடிவு செய்தது?

இவற்றினும் ஆழமான குறையொன்றுண்டு. ஈரத்துக்கும் சாக்குக்குமெனத் தராசடியிலே கிலோக்கள் கழிக்கப்படுவது மலையகத்தின் பழைய முறைப்பாடு. கழிவு ஆளுக்கு ஆள் வேறுபட்டால் அட்டவணையில் அதன் சுவடு தென்படலாம். எல்லாரிடமும் எந்நாளும் ஒரே அளவு கழிக்கப்பட்டாலோ அதன் மாறற்றிறன் பூச்சியம். சராசரியைக் கழித்துக் கணக்கைத் தொடங்கும் முதற்படியிலேயே அது முற்றாக மறைந்துபோகும். இரண்டு கிலோ கழித்தாலும் ஐந்து கிலோ கழித்தாலும் கூறுகள் இம்மியும் மாறா; 40 பேரின் கொழுந்திலும் அது குறைந்திருக்கும்.