செஞ்சோற்றுக்கடன் யாருக்கு?

ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்ப்பவரிடம் சங்கத்தில் சேருங்கள் என்று சொன்னால், அவரைத் தடுப்பது பயம்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். வேலை போய்விடும், அடுத்த கம்பெனி பின்னணி விசாரிக்கும்போது பெயர் அடிபடும் என்ற பயம் உண்மைதான். ஆனால் பயத்துக்கும் அடியில் ஒரு கூச்சம் இருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு வேலை கொடுத்து, வீட்டுக் கடன் கிடைக்க வழிசெய்து, தங்கையின் கல்யாணத்தை நடத்திவைத்த கம்பெனிக்கு எதிராகக் கொடி பிடிப்பதா என்ற கூச்சம் அது. பயத்துக்குச் சட்டம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, அதன் ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. கூச்சத்துக்குச் சட்டம் பதில் சொல்லாது, ஏனென்றால் அது ஓர் அறக்கேள்வி. உண்ட சோற்றுக்குக் கடன்பட்டவன் சோறிட்டவரோடு பேரம் பேசலாமா?

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருகிறான், அடுத்துக் கும்பகர்ணன். இருவரும் தவறான பக்கம் நின்று செத்தவர்கள். அது தவறான பக்கம் என்று தெரிந்தே நின்றவர்கள். அதனால்தான் அவர்கள்மேல் நமக்கு இவ்வளவு பரிவு. ஆனால் அந்தக் கதைகளைப் பக்திப் பரவசம் இல்லாமல் படித்தால் மூன்று செய்திகள் கண்ணில் படும். முதலாவது, கடன் முகம் தெரிந்த ஒருவனுக்கு. சபை நடுவே குலம் கேட்டுக் கர்ணன் அவமதிக்கப்பட்டபோது அங்க நாட்டைக் கொடுத்துக் கைதூக்கிவிட்டவன் துரியோதனன் என்ற ஒரு மனிதன். இரண்டாவது, கடன்பட்டவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கம்பன் காட்டும் கும்பகர்ணன் மந்திராலோசனையிலேயே அண்ணனை இடித்துரைக்கிறான். தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்கு அனுப்பும்போதும் சீதையை விட்டுவிடு என்றுதான் முதலில் சொல்கிறான். பிறகுதான் களத்துக்குப் போகிறான். மூன்றாவது, இந்தக் கடனைப் பற்றிப் பெருமைப்படாத ஒருவரும் மகாபாரதத்தில் இருக்கிறார். போர் தொடங்குமுன் ஆசி கேட்டு வந்த தருமனிடம், மனிதன் பொருளுக்கு அடிமை, பொருள் எவருக்கும் அடிமை இல்லை, கௌரவர்கள் என்னைப் பொருளால் கட்டிவிட்டார்கள் என்று பீஷ்மர் சொல்கிறார். ஆண்மையற்றவனைப் போல இதைச் சொல்கிறேன் என்றும் நொந்துகொள்கிறார். செஞ்சோற்றுக்கடனைக் கொண்டாடும் மரபே அதற்குள் ஒரு விலங்கு இருப்பதையும் பார்த்திருக்கிறது. நாம் கர்ணனைச் சினிமாவில் பார்த்து அழுதோம். பீஷ்மரின் வெட்கத்தைக் கவனிக்கவில்லை.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ உள்ள ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைவோம். அங்கே துரியோதனன் யார்? புராஜெக்ட் மேனேஜரா? அவரே தன் ரேட்டிங் என்னவாகுமோ என்று அப்ரைசலுக்குக் காத்திருப்பவர். எச்.ஆர். அதிகாரியா? அவர் கையில் இருக்கும் ஆட்குறைப்புப் பட்டியலை அவர் தயாரிக்கவில்லை. பங்குதாரர்களா? காலையில் வாங்கிய பங்கை மாலையில் விற்றுவிடுபவரும் அவர்களில் உண்டு. சட்டத்தின் கண்ணில் நிறுவனமும் ஒரு நபர்தான். ஆனால் நன்றியைப் பெற்றுக்கொள்ள அந்த நபருக்கு நெஞ்சு கிடையாது. இன்னும் அடிப்படையான சிக்கல், சம்பளம் சோறிடுதலே அல்ல என்பது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தொடங்கும்போதே, முன்பு நம்மிடமிருந்து எதுவும் பெறாதவர் நமக்குச் செய்யும் உதவியைத்தான் ஈடுசெய்ய முடியாதது என்கிறார். வேலை வாங்கிக்கொண்டு கொடுக்கும் கூலி அந்த வகையில் சேராது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஊழியரின் உழைப்பு மணிக்கணக்கில் பில் போடப்படுகிறது. வந்த தொகையில் ஒரு பகுதி சம்பளமாக அவரிடம் திரும்புகிறது. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை நிறுவனம் பாரமாகப் பார்ப்பதே இந்தக் கணக்கினால்தான். இதில் யார் யாருக்குச் சோறிடுகிறார்கள் என்று கேட்டால் விடை ஒருபக்கமாக வராது. கீதையின் மூன்றாம் அத்தியாயம், கொடுக்கப்பட்டதற்குப் பதில் கொடுக்காமல் அனுபவிப்பவனைத் திருடன் என்கிறது. அங்கே பேச்சு தேவர்களையும் வேள்வியையும் பற்றியது என்றாலும், கைம்மாறு ஒரு சுழற்சி, அது ஓரிடத்தில் தேங்கினால் குற்றம் என்ற எண்ணம் தெளிவாகவே இருக்கிறது.

பௌத்தம் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் உபதேசிக்கும் சூத்திரத்தில் முதலாளியும் வேலையாளும் ஒருவருக்கொருவர் ஐந்து ஐந்து கடமைகள் பட்டவர்கள். வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, அரிய பண்டம் கிடைத்தால் அதில் பங்கு, தக்க வேளையில் ஓய்வு ஆகியவை முதலாளி செய்ய வேண்டியவை. முன்னால் எழுவது, பின்னால் தூங்குவது, கொடுத்ததை மட்டும் எடுப்பது, வேலையைச் செம்மையாகச் செய்வது, நற்பெயர் பரப்புவது ஆகியவை வேலையாள் செய்ய வேண்டியவை. ஐ.டி. ஊழியர்கள் இரண்டாம் பட்டியலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் பகலுக்கு ஏற்ப நம் இரவில் விழித்திருப்பது முன்னால் எழுவதில் சேருமா, பின்னால் தூங்குவதில் சேருமா என்று மட்டும் கேட்கலாம். முதல் பட்டியலைக் கேட்டுப் பெற அவர்களிடம் ஒரு குரல் இல்லை. தனி ஆளாகக் கேட்டால் அது வேண்டுகோள். பலர் கூடிக் கேட்டால்தான் அது முறைமையை நினைவூட்டுவதாகிறது.

கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தாய் என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. மனமொப்பிச் செய்த ஒப்பந்தம் நீதியானது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. 1891இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய போப் பதின்மூன்றாம் லியோ இதை ஏற்கவில்லை. கதியற்றுப்போய் ஒப்புக்கொண்ட கூலியை ஒப்புதல் என்ற காரணத்தாலேயே நியாயமாக்கிவிட முடியாது என்றவர், தொழிலாளர் சங்கம் கூடுவதை மனிதனின் இயற்கை உரிமை என்றார். ஐ.டி. ஊழியர் கதியற்றவரா என்று சிரிக்கத் தோன்றலாம். ஒரு நடைமுறையைப் பாருங்கள். 2014 இறுதியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆட்குறைப்புச் செய்தி வந்த நாளிலிருந்து இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொற்றொடர், 'பேப்பர் போடச் சொல்லிட்டாங்க' என்பது. அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்புத் தர வேண்டும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும், அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஊழியரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இவற்றில் எதுவும் வேண்டாம். எழுத மறுப்பவருக்கு ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும் என்று ஒரு சாடை. அது இல்லாமல் அடுத்த வேலை கிடைப்பது கடினம். வேலையை எடுத்துக்கொள்வதோடு அவருடைய விருப்பத்தையும் எடுத்துக்கொண்டு, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று அவர் கையாலேயே எழுத வைக்கிறார்கள். பழைய காலத்தில் சோற்றுக்காக உயிர்விட்ட வீரனுக்கு நடுகல்லாவது நட்டார்கள். மனமொப்பிய ஒப்பந்தம் என்று பேசுகிறவர்கள், இந்த ராஜினாமாக் கடிதத்தில் இருப்பது யாருடைய மனம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஆன்மிகம் பேசுகிறவர்கள் வைக்கும் மறுப்பு வேறு. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கண்ணன் சொல்லவில்லையா? மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் கீதை நுழைந்த நாளிலிருந்து இந்த வரிக்கு ஓய்வே இல்லை. பலனில் பற்று வைக்காதே என்பது செய்பவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய அறிவுரை. பலனைப் பங்கிடும் இடத்தில் இருப்பவன் அதை எடுத்துச் சொன்னால் அது அறிவுரையாக இருக்காது. தவிர, அந்த உபதேசத்தைக் கேட்டவன் வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்தவன். கேட்டு முடித்தபின் எழுந்து நின்றான். சொந்த உயர்வுக்காக என்று இல்லாமல் நாளை சேரப்போகிறவருக்காக ஒருவர் சங்கத்தில் உழைத்தால், பற்றில்லாத செயலுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் அலுவலகத்தில் கிடைப்பது அரிது. பிடிக்காவிட்டால் கம்பெனி மாறிக்கொள் என்பது உலகியல்வாதியின் அறிவுரை, விபீஷணன் வழி. விபீஷணன் போனதில் தவறில்லை. ஆனால் அந்த வழி சந்தை சூடாக இருக்கும்போது இருபத்தாறு வயதுக்காரருக்குத் திறந்திருக்கிறது, நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அல்ல. போகிறவர் போன பிறகும் அந்த ஆட்குறைப்புப் பட்டியல் அடுத்த அறையில் தயாராகிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்கப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய புத்தகத்தில் அமைப்புகள் சீர்கெடும்போது உறுப்பினர்களுக்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என்று இரு வழிகளைப் பிரித்தார். விசுவாசம் உள்ளவர் வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரலெழுப்பப் பார்ப்பார் என்பது அவர் கணிப்பு. கம்பனின் மந்திராலோசனையில் இருந்து இடித்துரைத்தவனை இது நினைவூட்டுகிறது. அந்த இடித்துரைப்பைத் தனியொருவனின் தைரியத்துக்கு விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாக்குவதுதான் சங்கம். அப்படிப் பார்த்தால் சங்கம் வைப்பவர் கம்பெனியைக் கைவிடாதவர்.

சமயமும் சங்கமும் எண்ணெயும் தண்ணீரும் போன்றவை என்று நினைப்பவர்கள் பெரம்பூர் வரலாற்றைப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் பிறந்தது. அதற்கு வித்து, செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய ஓர் ஆன்மிக சபை. பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் அங்கேதான் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். தலைமை ஏற்ற பி.பி. வாடியா பிரம்மஞான சபைக்காரர். துணை நின்ற திரு.வி.க. சைவத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆலையை நடத்திய பின்னி நிறுவனம், ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியாமீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் பதிய நம்பியிருந்த சட்டத்துக்கு மூலம் ஒரு பஜனை மடத்து முற்றம் என்றால் மிகையில்லை.

ஆனால் அதே ஆலையில்தான் சங்கத்துக்கு எதிரான மிகக் கனமான சாட்சியமும் இருக்கிறது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கத்தின் 'நாம்' என்ற சொல்லுக்குள் தாங்கள் இல்லை என்று ஒரு பகுதியினர் உணர்ந்தபோது சங்கத்தின் அறவலிமை பாதியானது. பம்பாய் ஆலைகளில் நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்த நெசவுப் பிரிவுக்குள் தாழ்த்தப்பட்டோரை விடாததைச் சங்கங்கள் கண்டுகொள்ளவில்லை என்பதை அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சுட்டினார். 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அவர், தொழிலாளருக்கு முதலாளித்துவத்தோடு பிராமணியமும் எதிரி என்று பேசியதன் பின்னணி இதுதான். நன்றாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்குச் சங்கம் என்ற கேள்வியை நான் இந்த வெளிச்சத்தில்தான் எடுத்துக்கொள்வேன். சம்பளத்தின் அளவு சங்க உரிமையை ரத்து செய்யாது. ஏழாண்டு வழக்காடிய ஐ.டி. ஊழியர் ஒருவர் மேலாளர் அல்லர், தொழிலாளியே என்று சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தபோது, அவர் செய்த வேலையின் தன்மையைப் பார்த்துத்தான் சொன்னது. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது, அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனமில்லை.

ஏனென்றால் சோற்றுக்கடன் பேச்சு கடைசியில் உண்மையான சோற்றில் வந்து முட்டுகிறது. முதன்முதலில் கோட் எழுதக் கற்றுக்கொடுத்த சீனியர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற இரவில் ரிலீஸைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பக்கத்து இருக்கைக்காரர் ஆகியோரிடம் பட்டதுதான் அலுவலகத்தில் ஒருவர் உண்மையாகப் பட்ட கடன். அது மேலே போகும் கடன் இல்லை, பக்கவாட்டில் போவது. பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினால் பார்வை பக்கத்து இருக்கையோடு நிற்காது. கேன்டீனில் பரிமாறுபவர், கழிப்பறை கழுவுபவர், வாசலில் அடையாள அட்டை பார்க்கும் செக்யூரிட்டி, நள்ளிரவில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டு அவர் வீட்டுக் கதவு திறக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்திருக்கும் கேப் டிரைவர். பெரும்பாலும் இவர்கள் அதே கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஐ.டி. சங்கம் ஒன்றை அமைக்க உட்காருபவர்கள் விதிமுறைகளை எழுதும்போது, உறுப்பினர் யார் என்ற பிரிவுக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தின்போது மேசைமேல் இருக்கும் டீயைக் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று அவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.