ஊழியும் கட்டியங்காரனும்

சீடன்: ஐயா, ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. மழைக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படத்தைப் பார்த்து நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2024ஆம் ஆண்டு 1.5 டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பே சொல்லிவிட்டது. மனித இனம் மிஞ்சுமா என்ற பயத்தில் ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. பிள்ளை பெற்றுக்கொள்வது நியாயமா என்றுகூட நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் சிரிப்பு எப்படி வருகிறது உங்களுக்கு?

குரு: உட்கார் தம்பி. பிள்ளை விஷயம் நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் தலையிட மாட்டேன். சிரிப்பைப் பற்றிப் பேசுவோம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து பார்த்திருக்கிறாயா?

சீடன்: சின்ன வயதில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில். பாதியில் தூங்கிவிடுவேன்.

குரு: உன்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே கட்டியங்காரன் இருக்கிறான். கதையோ பாரதம். சூது, துகிலுரிதல், பதினெட்டாம் போர் என்று அவமானமும் சாவுமாக நகர்கிறது. அதன் நடுவில் அவன் துரியோதனனை மறித்து, ரேஷன் கடையில் சர்க்கரை போட்டார்களா என்று விசாரிப்பான். கூட்டம் சிரிக்கும். அடுத்த நிமிடமே ராஜா கர்ஜிப்பான், கதை தொடரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் செருகும் ஜனம் விடியற்காலைப் படுகளம் வரை விழித்திருந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. புவி வெப்பமாவதும் ஒரு நீண்ட ராத்திரிக் கதை. பயந்தவன் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பான், பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். நீ செய்திகளைப் படிப்பதையே நிறுத்திவிட்டாய் என்று போன வாரம் சொன்னாயே, அது இதுதான்.

சீடன்: சிரித்தால் மட்டும் கரிப்புகை குறைந்துவிடுமா?

குரு: அழுதாலும் குறையாது. மேலே கேள்.

சீடன்: என் உண்மையான தடை இதுதான். பத்திரமான இடத்தில் இருப்பவனுக்குத்தான் சிரிப்பு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் சித்தி கைக்குழந்தையோடு மொட்டை மாடியில் நின்றாள். கீழே பீரோ, அரிசி மூட்டை, பத்திரங்கள் எல்லாம் தண்ணீரில். அவள் முகத்துக்கு நேராகச் சிரிப்பீர்களா? மூழ்குகிறவன் எதிரில் கரையில் நிற்பவன் சிரிப்பது பாவமில்லையா?

குரு: பாவம்தான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. உன் சித்தியைப் பார்த்து யார் சிரித்தாலும் அவன் கயவன். ஆனால் மூழ்குகிறவனே சிரித்தால்? மாலத்தீவை எடுத்துக்கொள். சுமார் 1,200 தீவுகள். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. உலகத்தில் யாருக்காவது பயப்பட முழு உரிமை உண்டென்றால் அவர்களுக்குத்தான். 2008இல் அங்கே பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தலில் முகமது நஷீத் வென்றார். முந்தைய ஆட்சியில் சிறையில் கிடந்த மனிதர். 2009 அக்டோபர் 17 அன்று அவர் அமைச்சரவையைக் கூட்டினார். எங்கே தெரியுமா? கிரிஃபுஷி தீவை ஒட்டி, கடலுக்கு அடியில், சுமார் 5 மீட்டர் ஆழத்தில். அமைச்சர்கள் முன்கூட்டியே முக்குளிக்கப் பயிற்சி எடுத்தார்கள். மருத்துவர் அனுமதி கிடைக்காததால் சிலரால் இறங்க முடியவில்லை. மற்றவர்கள் கறுப்பு உடை, முதுகில் காற்று உருளை, முகமூடி சகிதம் கடல் தரையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பேச முடியாதே! கைச்சைகையாலும் வெள்ளைப் பலகையில் எழுதியும் விவாதித்தார்கள். உலக நாடுகள் கரி உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நீரில் அழியாத பென்சிலால் கையெழுத்திட்டார்கள். சுற்றிலும் மீன்கள், வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று. அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது.

இதைக் கேட்கும்போதே உன் உதடு விரிகிறது, பார்த்தேன். அந்தச் சிரிப்பு மாலத்தீவுக்காரனைக் கேலி செய்கிறதா? இல்லையே! ஆட்சிமுறையின் அத்தனை சடங்கும் அப்படியே இருக்கிறது. மேசை இருக்கிறது, கோப்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நிலம் மட்டும் இல்லை. இது எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. கூத்தில் கட்டியங்காரன் காவல்காரன்தான், அரண்மனைச் சேவகன். அவன் கேலி மேலே, சிம்மாசனத்தை நோக்கிப் போகிறது. சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது என்பதை வைத்துத்தான் அது பாவமா இல்லையா என்று சொல்ல முடியும். தன் வீட்டில் தண்ணீர் ஏறியதைச் சொல்லி உன் சித்தி சிரித்தால் கூடச் சேர்ந்து சிரி. அவளுக்கு முந்திக்கொண்டு சிரிக்காதே. வேளச்சேரிப் படத்தில்கூட நான் கார்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எச்சரிக்கை வந்ததும் இந்த ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான் என்று கணக்குப் போட்டார்களே, அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

சீடன்: அந்தக் கடலடிக் கூட்டத்தால் என்ன ஆயிற்று?

குரு: அதே 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் நடந்த காலநிலை மாநாடு தீவு நாடுகள் கேட்ட 1.5 டிகிரி வரம்பை ஏற்கவில்லை, 2 டிகிரி என்றே எழுதியது. 2015இல் பாரிஸ் உடன்படிக்கையில் 1.5க்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. அந்த அரை மணி நேரம்தான் இதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். தீவு நாடுகள் வருடக்கணக்கில் மன்றாடி வாங்கியது அது. ஆனால் அந்தக் கடலடிக் கூட்டத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு மாலத்தீவு என்றொரு நாடு இருப்பதும், அது எதற்குப் பயப்படுகிறது என்பதும் புரிந்தது. கண்ணீர் அறிக்கைகளை அதற்கு முன்பும் அனுப்பித்தான் இருந்தார்கள்.

சீடன்: இருந்தாலும் ஐயா, மனித இனமே அழிந்த பிறகு...

குரு: அங்கேதான் நீ வழுக்குகிறாய். பல ஆண்டுகள் நானும் இதே இடத்தில் மல்லாடியவன், அதனால் சொல்கிறேன். ‘எல்லாம் அழியும்’ என்பதில் விவரமே கிடையாது. எந்த ஊர், எந்த வருடம், எத்தனை அங்குலம் என்று ஒன்றும் இல்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் எதுவும் மனித இனம் முற்றாக அழியும் என்று முன்கணிக்கவில்லை. 2021இல் வந்த அதன் அறிக்கை சொல்வது வேறு. உமிழ்வை வேகமாகக் குறைத்தால் 2100க்குள் கடல் மட்டம் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை உயரக்கூடும். குறைக்காமல் மேலும் மேலும் கூட்டினால் 63 சென்டிமீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரை. ஒரு மீட்டருக்கும் தாழ்ந்த தீவில் குடியிருப்பவனுக்கு இந்த வித்தியாசம்தான் வீடு, கிணறு, தாத்தாவின் கபறு. மனித இனமே போகிறது என்று நினைப்பவனுக்கோ 28ம் ஒன்றுதான், 101ம் ஒன்றுதான். அவன் வேலை செய்ய மாட்டான். தன் துக்கத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு சும்மா இருப்பான்.

சிரிப்புக்கு விவரம் வேண்டும். மேசை, பென்சில், குமிழி இல்லாமல் அந்தக் கூட்டம் வேடிக்கை ஆகாது. ரேஷன் சர்க்கரை இல்லாமல் கட்டியங்காரன் இல்லை. ஆகவே சிரிக்கிறவன் விவரத்துக்குத் திரும்பி வந்தே தீர வேண்டும். வந்தவன் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: வேளச்சேரியில் ஏன் மேம்பாலம் மட்டும் மேடு? பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. தென்சென்னையின் மழைநீரைத் தாங்கி, மெல்லக் கடலுக்கு விட்ட நிலம். குப்பை கொட்டியும் சாலை போட்டும் கட்டடம் எழுப்பியும் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிவிட்டோம். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மிஞ்சியதையாவது காப்பாற்ற முடியும். இது ஊழி இல்லை தம்பி, வார்டு அளவில் தீர்மானம் போட்டுக் கேட்கக்கூடிய காரியம்.

கேலியோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. படத்தை நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். கட்டியங்காரன் அப்படி ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. சிரிக்க வைத்த கையோடு அடுத்த ராஜாவைச் சபைக்கு அழைத்து வருகிறான். நீயும் ஒரு காரியம் செய். அடுத்த மழைக்கு அந்த மேம்பாலப் படத்தை யாருக்காவது அனுப்பினால் சதுப்பு நிலத்தின் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு. உங்கள் வார்டின் ஏரியா சபை கூடும் தேதியைக் கேட்டு வை. மனைவியையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய், பெயர் கொடுத்துப் பேசு.