சுமையிலும் அவிழும் கட்டு

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு வந்து அணையும்போது முதலில் கயிறுதான் கரையேறும். அணியத்தில் நிற்பவர் வீசுவார். கரையில் நிற்பவர் பிடித்துச் சுற்றி இழுப்பார். படகு ஆட்டத்தை விட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்ற பிறகே அர்ச்சனைத் தட்டோடு வந்த அம்மாமாரும் குழந்தையைத் தோளில் தூக்கியவர்களும் கால் வைப்பார்கள்.

அந்தக் கயிற்றை வாங்கிக்கொள்ள, படகின் விளிம்பிலும் துறைமேடையிலும் இரு பக்கமும் கொம்பு நீட்டிய ஒரு துண்டைப் பூட்டுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். கிளீற் என்பார்கள். கால்பந்துச் சப்பாத்தின் அடியில் இருக்கும் முளைகளுக்கும், ஏறுபலகையில் கால் வழுக்காமல் குறுக்கே அறையும் சட்டத்துக்கும், பந்தயச் சைக்கிளோட்டியின் சப்பாத்தைப் பெடலோடு கொளுவும் துண்டுக்கும் அதே பெயர்தான். எல்லாம் செய்வது ஒரே வேலை: அசைகிற பொருளுக்குக் கொஞ்ச நேரம் ஒரு பிடி கொடுத்து, பிறகு விட்டுவிடுவது. மண்ணைப் பிடித்த முளை அடுத்த எட்டில் மண்ணை விடாவிட்டால் ஓடுகிறவன் விழுந்துபோவான்.

இந்தச் சின்ன இரும்புத் துண்டின் முன்னால் ஒரு பழைய சமயக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம். பற்றிக்கொள்வது தளையா, துணையா? கட்டுப்பட்ட உயிர் தாழ்ந்தது, கட்டறுத்த உயிர் உயர்ந்தது என்று பிரசங்க மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தீவுப் பகுதியில் அந்தப் பேச்சு அவ்வளவு எளிதாக எடுபடாது. இங்கே கட்டாத வள்ளம் காலையில் கரையில் இராது.

கயிறு எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிளீற்றில் அடியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, பிறகு கொம்புகளின் மேல் எட்டு வடிவில் ஓரிரு சுற்று, கடைசியில் ஒரு மடிப்பு. சுமையைத் தாங்குவது அந்த மடிப்பல்ல, உராய்வு. 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் என்ற கணித மேதை இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு கையில் தெரியும் இழுவை ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்காகிவிடும். மூன்று சுற்றுக்குப் பிறகு 280இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு மனிதன் ஒற்றைக் கையால் ஒரு படகைப் பிடித்து நிறுத்துவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. இறுகிப்போன முடிச்சைச் சுமை இருக்கும்போது அவிழ்க்க முடியாது, கத்திதான் வேண்டும். சுற்றிய கயிற்றையோ, படகு எவ்வளவு இழுத்தாலும், ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கலாம்.

நயினாதீவைத்தான் மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். பௌத்தக் காப்பியமான அது துன்பத்தின் காரணங்களைப் பன்னிரண்டாக வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்பதாவது பற்று. ஆனால் அதே காப்பியம்தான் ஆபுத்திரன் கதையையும் சொல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியோடு அவன் சாவகத்துக்குக் கப்பலேறுகிறான். காற்றுக்குப் பயந்து கப்பல் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகிறது. அவன் கரையில் இறங்கியிருக்கும்போது, ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம், உண்பதற்கு ஒரு வாய் இல்லை. தன் வயிற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். மனிதரோடு இருந்த எல்லாக் கட்டும் அறுந்த நிலையில் அவனுக்குக் கிடைத்தது விடுதலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின்னால் அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபோது பசித்தவர் வயிறு நிறைந்தது, புகாரின் சிறைக்கோட்டமே அறக்கோட்டம் ஆனது. பற்றைத் துன்பக் காரணமாக எண்ணிய காப்பியத்துக்கும் ஒருவர் பசியோடு இன்னொருவர் கொள்ளும் உறவு தேவைப்பட்டிருக்கிறது.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. பதி, பசு, பாசம் என்ற மூன்றில் பாசம் உயிரைக் கட்டுவது. அதில் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் அடங்கும். மூன்றையும் ஒரே மாதிரிக் கெட்டவை என்று தள்ளிவிடுகிறவர்கள் சித்தியாரைச் சரியாகப் படிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய அந்த நூல், சாணியையும் உவர்மண்ணையும் போட்டே துணியின் அழுக்கை எடுப்பதுபோல், மாயையில் வந்த உடலையும் கருவிகளையும் கொண்டே உயிரின் அழுக்கு கழுவப்படுகிறது என்கிறது. இறைவனின் மறைக்கும் ஆற்றலான திரோதான சத்தியையும் மலங்களோடு சேர்த்து எண்ணுவது உண்டு. உண்மையில் அது அருளே. உயிர் பக்குவப்படும் வரை உலகத்தோடு சேர்த்துப் பிடித்துவைத்து, பக்குவம் வந்ததும் விட்டுவிடும் அருள்.

நயினாதீவுக் கடலிலும் ஒரு பிடியின் கதை இருக்கிறது. நாகபூசணி அம்மனுக்குப் பூக் கொண்டு வந்த நாகத்தைக் கருடன் வழிமறித்ததாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிரே இன்னொரு கல்லில் காத்திருந்ததாம். அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் இருவரையும் சமாதானம் செய்து அம்மனுக்குக் கோயில் எழுப்பினான் என்பது தலபுராணம். பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் இன்றும் காட்டுகிறார்கள். வழி திறந்தவுடன் நாகம் கல்லை விட்டுவிட்டுப் பூவோடு போய்விட்டது. கல்லைச் சுற்றியதும் வழிபாட்டுக்காக, விட்டதும் வழிபாட்டுக்காக.

அக்கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் என்ற பிறதேசத்தவர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வந்து கட்டிய கப்பலுக்கும் துறைக்கும் இருந்த உறவு கயிற்றோடு முடிந்துவிடவில்லை. உடைந்தாலும் உனக்குரியது உனக்கு என்று கல்லில் எழுதிக் கொடுத்தார்கள்.

கட்டே இல்லாத வாழ்வைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போகலாம். அந்நியர் ஆட்சிக் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டாக்காலியாய்த் திரிகின்றன. கடிவாளமும் இல்லை, லாயமும் இல்லை. மாரியில் புல்வெளியில் அவை ஓடுவது கண்ணுக்கு நிறைவான காட்சி. கடும் வரட்சி வந்தால் தண்ணீரில்லாமல் அவற்றில் சில செத்துப்போகின்றன. கட்டி வைத்தவனுக்குத் தண்ணீர் வைக்கும் கடமை உண்டு. யாரும் கட்டாத குதிரைக்கு அந்தக் கடமையை ஏற்க எவருமில்லை.

1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டுப் போனவர்கள் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச் சங்கம் வைத்து வாழ்கிறார்கள். ஊர்ப்பற்றை விட்டால்தான் புதிய நாட்டில் ஊன்றலாம் என்று சிலர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். வேறு சிலர் பிள்ளை எங்கே பிறந்தாலும் தீவின் ஆளாகவே இருக்க வேண்டும் என்று இறுக்குகிறார்கள். முதலாவது கயிற்றை வெட்டுவது. இரண்டாவது அவிழாத முடிச்சுப் போடுவது. நீர் ஏறி இறங்க இடம் விட்டுக் கட்டாத படகு, வற்றில் கயிற்றில் தொங்கும். தீவில் வளர்ந்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

ஆனி மாதத் திருவிழாவுக்கு அவர்களில் பலர் வருகிறார்கள். கொடியேற்றத்துக்குக் காப்புக் கட்டிய குருக்கள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊரெல்லை தாண்டமாட்டார். கொடிமரத்துக்குச் சைவர் வழிவழியாகத் தரும் விளக்கத்தில் மரம் பதி, ஏறும் துணி உயிர், கூடச் சுற்றும் தருப்பைக் கயிறு பாசம், துணியை மேலே தூக்கும் கொடிக்கயிறு அருட்சத்தி. ஒரே மரத்தில் இரண்டு கயிறு. பிரசங்கம் செய்பவர்கள் தருப்பைக் கயிற்றைப் பற்றியே பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆனியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு மற்றக் கயிற்றையும் காட்டிக் கொடுக்க வேண்டும்.