தன் வலிக்குப் பாடியவர்

மொன்றியல் நாட்டார் பாடகி கேற் மக்கரிகல் மீது எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருந்தது. 1946இல் இந்நகரில் பிறந்தவர். அக்கா அன்னாவுடன் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாட்டெழுதிப் பாடியவர். 2006இல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய் அவரைப் பிடித்தது. 2008இல் அந்நோயின் ஆய்வுக்கென்றே தன் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார். 2009 டிசம்பரில் லண்டன் றோயல் அல்பேட் ஹோலில் அதற்காகப் பாடியதே கடைசி மேடை. ஆறு வாரத்தில், 2010 ஜனவரி 18இல், இங்கே வீட்டில் காலமானார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அப்படித் தெரிந்த பிறகு கொடுப்பது பாதி அறந்தானே? இதுதான் என் வழக்கு.

சொல்ல எனக்கு என்ன தகுதி? பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்கு வருடந்தோறும் போகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை, கணினி, மைதானம் எல்லாம் ஆயிற்று. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் உதவி கேட்டு எழுதியபோது, 'அது அவையளின்ர சங்கம் பார்க்க வேணும்' என்று கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்தேன்.

ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. அந்தப் பணம் தன்னைக் காப்பாற்றாது என்பது கேற்றுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இனி நோய் வரப்போகும் யாரோ ஒருவருக்காகத்தான் மூச்சு வாங்கப் பாடியிருக்கிறார். பிள்ளைகள் றூபஸும் மார்த்தாவும் பிறகும் நத்தார்க் கச்சேரி வைத்து அந்த நிதிக்குச் சேர்த்தார்கள். அவர் தன் வலியிலிருந்து முகந்தெரியாத ஆள்வரை போனார். நான் என் பள்ளிக்கூட மதிலோடு நின்றுவிட்டேன்.

கடிதத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வருடம் பிந்திய பதிலை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.