உண்ணுமுன் ஒரு கல்



அறுபத்துமூன்று நாயன்மார்களில் சாக்கிய நாயனாரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கண்ணப்பர் என்றால் கண் கலங்குகிறது. சிறுத்தொண்டர் என்றால் நெஞ்சு பதறுகிறது. சாக்கியரோ கல்லெறிந்தவர். பிள்ளைகளிடம் சொன்னால் சிரித்துவிடுகிறார்கள். ஆனாலும் பௌத்தம் தழைத்த இந்நாட்டில் வாழும் நமக்கு அவரைப்போல் நெருக்கமான நாயனார் வேறொருவர் இல்லை.

திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றியவர் அவர். பிறவிப்பிணி நீங்கும் வழியைத் தேடிக் காஞ்சிமாநகர் சென்றார். அங்கே புத்த சமயத்தைச் சார்ந்து, நூல்கள் பல ஆராய்ந்து, முடிவில் சிவமே மெய்ப்பொருள் என்று தெளிந்தார். தெளிந்த பிறகும் ஆடையை மாற்றவில்லை. எந்தக் கோலத்தில் நின்றாலென்ன, சிவனை மறவாதிருந்தால் போதும் என்றிருந்தார். சிவலிங்கத்தைக் கண்ட பிறகே உண்பது என்று ஒரு நியமமும் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் வெட்டவெளியில் ஒரு லிங்கத் திருமேனியைக் கண்டார். ஆனந்தம் பொங்கியது. செய்வது இன்னதென்று அறியாமல், அருகில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்து எறிந்தார். மறுநாள் அதே இடத்திற்கு வந்தவர், "நேற்று நமக்கு அந்த எண்ணம் எழுந்ததும் அவன் திருவருளே" என்று கருதி, அன்றும் ஒரு கல் எறிந்தார். அதற்குப் பிறகு நாள்தோறும் ஒரு கல். பூவில்லை, பாலில்லை, மந்திரமில்லை. அந்தக் கல்லையே மலராக இறைவன் ஏற்றான் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

பிறகு ஒருநாள் மறந்துபோனார். ஆம், நாயனாரும் மறந்தார்! உணவருந்த அமர்ந்துவிட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. பசியோடு எழுந்தார், விரைந்து ஓடினார், கல்லை எடுத்து எறிந்தார். அன்றைக்குத்தான் எம்பெருமான் உமையம்மையோடு விடைமேல் காட்சி தந்தருளினான்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நாயனாருக்கு நினைவூட்டியது எது? அவருடைய உணவுதான். கல்லெறிதலை அவர் தம் உணவோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மனிதன் எதை மறந்தாலும் பசியை மறப்பதில்லையே. "நேரம் கிடைக்கும்போது வழிபடுவேன்" என்றிருந்தால், காஞ்சியில் அவருக்கும் ஆயிரம் வேலை வந்திருக்கும்!

மேனாட்டார் ஆராய்ச்சி ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் உடனிருந்தோரும் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய கட்டுரை 2010இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டு, அதைத் தினமும் ஏற்கெனவே செய்துவரும் ஒரு செயலோடு இணைத்துச் செய்தார்கள். காலை உணவுக்குப் பின் என்பதுபோல. அது தானாக நடக்கும் பழக்கமாவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுத்தரமாக 66 நாள். நம் பெரியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்ததும் ஏறக்குறைய இந்த வழிதான். இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள். இடையில் ஒருநாள் தவறிப்போனால் பழக்கம் கெட்டுப்போவதில்லை. சாக்கியர் மறந்த நாளிலேயே காட்சி கிடைத்ததை நாம் ஏற்கெனவே அறிவோம் அல்லவா!

கஷ்டப்பட நம்மவர்களுக்குப் பயமே கிடையாது. காப்புக் கட்டி, விரதமிருந்து, தீமிதியில் இறங்குகிறோம். அலகு குத்திக் காவடி எடுக்கிறோம். தீக்குழியைக் கடக்கும் நேரம் சில விநாடி. ஊர் பார்க்கிறது, மேளம் கொட்டுகிறது, அம்மன் துணை நிற்கிறாள். யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலைவிட்டுக் களைத்து வந்து, மின்சாரமும் இல்லாத வீட்டில் விளக்கேற்றி ஒரு பதிகம் சொல்வதுதான் கடினம். அங்கே மேளமில்லை. நம் மியான்மர் அயலவர்களைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, பிக்குகள் வரும்போது வாசலில் காத்து நிற்கிறார்கள். வீட்டுப் புத்தர் பீடத்தில் தினமும் புதுத்தண்ணீர் வைக்கிறார்கள். சுவேடகான் பகோடா முற்றத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று துடைப்பம் பிடித்துப் பெருக்குவதை யாங்கோனில் பார்க்காதவர் யார்? உழவாரம் ஏந்திய அப்பர் சுவாமிகள் கண்டால் தம்மோடு சேர்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஆலயத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கையிலிருக்கும் தாளை எட்டிப் பார்த்தால், பலர் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் நம்மவர் பெருங்கூட்டமாகத் தாயகம் திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. அதன்பின் இங்கே தமிழ் எழுத்துக்குப் புகலிடம் கோயில் மண்டபமும் வீட்டுத் திண்ணையும்தான். பள்ளியில் நாள் முழுதும் பர்மிய மொழியில் படித்து வரும் பிள்ளைக்கு 247 எழுத்து என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். பர்மிய எழுத்தில் ழகரமும் இல்லை. அதனால் "தமிழ்" என்ற சொல்லே தாளில் வேறொன்றாகி நிற்கிறது.

பிள்ளைக்கு ருசி முதலில் வராது. வந்த பிறகு கற்பிக்கலாம் என்று காத்திருந்தால், காத்தே இருப்போம். அதற்காக ஒரே நாளில் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். தினமும் ஒரு வரி போதும். அதுவும் அரிச்சுவடியின் ஆடு, இலையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடமான தேவாரப் பாட்டையே தமிழ் எழுத்தில் முன்னால் வையுங்கள். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு சொல் தாண்டும்போது, வருடக்கணக்காக வாயில் இருந்த பாட்டு காகிதத்திலிருந்து எழுந்து வரும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மறைத்துவைத்த மிட்டாயைக் கண்டுபிடித்ததுபோல் இருக்கும். அடுத்த வரியை அதுவே கேட்கும். கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லி மூடிவையுங்கள்.

"காலம் இப்படிக் கிடக்கிறது, அரிசி விலை இப்படி ஏறுகிறது, இதில் தமிழ் வரி எங்கே?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களுக்கு நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரை நினைவூட்டுகிறோம். நம் முன்னோர் பலர் கடல் கடக்கக் கப்பலேறிய துறைகளில் ஒன்று அந்த ஊர். தினமும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் நியமம். வலை நிறைந்த காலத்தில் ஒரு மீன் பெரிதல்ல. ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரே மீன்தான் விழுந்தது. அந்த ஒன்றையும் விட்டார். குடும்பமே பசியால் வாடியது. நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஆனால் ஒன்று என்று சிறியதாய் அளவு வைத்ததால்தான் பஞ்சத்திலும் அவரால் அதைக் காக்க முடிந்தது. பத்தில் ஐந்து என்று வைத்திருந்தால் முதல் மாதத்திலேயே கணக்குப் பார்க்கத் தோன்றியிருக்கும்.

சாக்கியர் குருபூஜை மார்கழிப் பூராடத்தில் வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே சோறு பரிமாறுவதற்கு முன், தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வரி. மின்சாரம் இல்லையென்றால் சுவாமி விளக்கின் பக்கத்தில் உட்காரட்டும். உச்சரிப்புப் பிழையை அன்றைக்கே திருத்த வேண்டியதில்லை, சோறு ஆறிவிடும். வீட்டில் எழுத்தறியாத பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை படிக்கட்டும், பாட்டி கேட்டு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்.