திரையில் இல்லாத ஆழம்

1984இல் நவோதயா நிறுவனத்தின் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளியானபோது, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்ற பெருமையைவிட, கோன் ஐஸ் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது என்ற பேச்சுதான் வேகமாகப் பரவியது. ஜிஜோ இயக்கிய அந்த மலையாளப் படம் தமிழிலும் ஓடியது. பிடிக்கப் போன கைக்கு ஒன்றும் அகப்படாது. அடுத்த காட்சியில் கை மறுபடியும் நீளும். பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் நீள்கிறது? மாயையைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்த நாட்டில் இதைக் குழந்தைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

மனிதனின் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது என்று 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். தியேட்டரில் இரண்டு படங்களும் ஒரே திரையில் விழுகின்றன. வலக்கண்ணுக்கு உரியதை வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கு உரியதை இடக்கண்ணுக்கும் அணிந்திருக்கும் கண்ணாடி பிரித்துக் கொடுக்கிறது. கழற்றினால் விளிம்புகள் இரட்டித்த கலங்கல்தான் மிச்சம். அப்படியானால் மூக்கின் முன் நின்ற பொருள் திரையிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. அது பார்ப்பவருக்குள்ளேயே உண்டானது.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி சினிமாவையே உவமையாக்கி அன்பர்களுக்கு விளக்கியதுண்டு. திரையில் தீ எரிகிறது, வெள்ளம் புரள்கிறது. திரை கருகுவதும் இல்லை, நனைவதும் இல்லை. காட்சிகள் வந்து போக, ஆன்மாவும் அப்படியே மாறாமல் இருக்கிறது என்பது அவர் சொன்னது. தட்டைப் படங்களின் காலத்தில் இது சட்டென்று பிடிபட்டிருக்கும். திரை எது என்று யாரும் விரல் நீட்டிக் காட்டிவிடலாம்.

ராட்சதத் திரை அந்த வசதியைப் பறித்துவிட்டது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஐமேக்ஸ், திரையின் ஓரங்களைப் பார்வையின் விளிம்புக்குத் தள்ளிவிடுகிறது. சென்னை வேளச்சேரியில் அப்படியொரு திரைமுன் உட்கார்ந்தவருக்குச் சிறிது நேரத்தில் திரை என்ற நினைப்பே அற்றுப்போகிறது. உவமை இங்கே தோற்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் அது இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. ஆழம் பார்ப்பவரிடம் பிறக்கிறது என்றால், தேட வேண்டியது படம் விழும் துணியை அல்ல, பார்ப்பவரை. ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னவரும் ரமணரே.

சைவ சித்தாந்தம் இதில் வேறு வழி போகிறது. அதற்கு மாயை பொய்த்தோற்றம் இல்லை. உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் தரும் உள்பொருள். 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாச்சாரியார் ‘திருவருட்பயன்’ நூலில், விடியும்வரை உதவும் விளக்கோடு மாயையை ஒப்பிடுகிறார். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு அந்தச் சிறு வெளிச்சமும் வேண்டும். கையை நீட்டவைக்கும் படத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பழிக்க வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்தில் எது தெரிந்தது என்று கேட்டால் போதும்.

புலன்களை நிறைக்கும் காட்சிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைக்காரர்கள் சென்னைவரை போக வேண்டியதும் இல்லை. புதுக்கோட்டை டவுனிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை இளங்கௌதமன் அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. குடைவரையின் தாழ்ந்த கூரையில் தாமரைக்குளம்: மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள குளம் அது என்பது அறிஞர்கள் கருத்து. கருவறைக்குள் நின்று மெல்ல முனகினால் அறை முழுவதும் ரீங்கரிக்கும். கண்ணையும் காதையும் ஒருசேர நிறைப்பது ஐமேக்ஸ் கண்டுபிடித்த வித்தை இல்லை.

அதே குன்றின் ஏழடிப்பட்டம் என்ற குகையில் வெறும் கற்படுக்கைகள். பொறிகளை அடக்கிய சமண முனிவர்கள் தங்கித் தவமிருந்த இடம். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. புலன்களை நிறைக்கும் ஓவியத்தையும் புலன்களை மறுக்கும் பாறையையும் சமணம் ஒரே குன்றில் வைத்துக்கொண்டது. எந்த ஒரு நோக்கும் பொருளை முழுதாகக் காட்டாது என்ற அநேகாந்தவாதத்தைச் சொன்னவர்களுக்கு இதில் முரண்பாடு தெரிந்திருக்காது. இரு கண்களின் வேறுபாட்டில் ஆழம் பிறப்பதை அவர்களிடம் சொல்லியிருந்தால், தங்கள் கொள்கைக்கு நல்ல சான்று என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் தியேட்டரில் அந்த வேறுபாட்டை வேறொருவர் முன்பே அளந்து வைத்துவிடுகிறார். 1953இல் வெளிவந்த ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ என்ற புகழ்பெற்ற முப்பரிமாணப் படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டோத்துக்கு ஒரு கண் கிடையாது. அந்த ஆழத்தைத் தாம் காணாமலே மற்றவர்களுக்காக அவரால் அமைக்க முடிந்தது. எது அருகில், எது தொலைவில் என்பதைப் படம் எடுத்தவர்களே முடிவு செய்திருப்பதால், பார்ப்பவர் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் பொருளின் மறுபக்கம் கிடைக்காது. சித்தன்னவாசலில் எங்கே நிற்பது, எருமையிலிருந்து அன்னத்துக்கு எப்போது கண்ணை நகர்த்துவது என்பதெல்லாம் வந்தவர் இஷ்டம். முப்பரிமாணப் படத்தின் மேல் சொல்லத்தக்க குறை இது ஒன்றுதான். பொய்யைக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு அதன்மேல் நிற்காது.