முள் நீங்காத போதும்

சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மும்முறை, ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும் தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, விசுவாசம் போதாததால்தான் எனக்குக் குணமாகவில்லை என்கிறார்களே, மெய்யா?"

இல்லை என்கிறோம். தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென்று புனித பவுல் மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் போதும் என்ற மறுமொழியே கிடைத்தது. அவருக்கு விசுவாசம் குறைவென்று சொல்லத் துணிபவர் யார்?

'அவஸ்தைப் பூசுதல்' என்று நாம் மரண வேளைக்கு ஒதுக்கி வைத்திருந்த அருட்சாதனத்தை 'நோயில் பூசுதல்' என்பதே பொருத்தமென 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. நோய் முற்றும்போது அதை மீண்டும் பெறலாம். நீண்ட நாள் நோயாளியைத் திரும்பத் திரும்பத் தேடிவர இறைவன் சலிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சலிப்பவர்கள் நாமே. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாது உடனமர்ந்தபோது ஆறுதலாயினர். வாய்திறந்து காரணம் கற்பித்தபோது சுமையாயினர். குணமடைவதே விசுவாசத்தின் அளவுகோல் என்போர் அச்சுமையையே ஏற்றுகின்றனர். வலியினூடே "ஆண்டவரே" என்றழைப்பதும் விசுவாசமே. ஆகவே, அத்தாயின் அடுத்த டயாலிசிஸ் நாளில், விளக்கம் ஏதுமின்றி அவரருகே சற்று அமர்வோம்.